தாட்சண்யம்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு மெயில் சர்வரைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, கணக்கும் பௌதிகமும் என்னைக் கைவிட்டனவா, நான் அவற்றைக் கைவிட்டேனா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியாமல் வெளியே வந்தவன் நான். ஆனால் ஒரு பொய்யைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை உண்டு. அந்தப் பொய்யை நான் வாயால் சொல்லவில்லை. கையால் எழுதவும் இல்லை. நாற்பது வரிப் புரோகிராம் ஒன்று எனக்காக அதைச் சொல்லிற்று. இருபது மாத காலம், ஒரே மனிதரிடம், திரும்பத் திரும்பச் சொல்லிற்று.

ஒரு சிறிய மாத இதழின் கதைப் பகுதியை நான் பார்த்து வருகிறேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை; அதிகாரம் மட்டும் நிறைய. எந்தக் கதை அச்சேறும், எது ஏறாது என்று சொல்லுகிற அதிகாரம். கதை அனுப்புகிறவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து, மின்னஞ்சலில் கோத்து அனுப்புவார். கதைகள் சரியில்லை. அதை நான் இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். பாத்திரங்கள் எல்லாரும் அவர் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லுகிற பையன்களைப் போலவே பேசுவார்கள். கடைசிப் பாராவில் யாராவது ஒருவர் திருந்திவிடுவார். முதல் மூன்று கதைகளையும் ஒரு வாரத்துக்குள் மரியாதையாகத் திருப்பினேன். மூன்று தடவையும் நான் திருப்பியது ஏன் தவறு என்று நாலு பக்கத்துக்குக் கடிதம் வந்தது. நான் விட்டுக்கொடுக்காமல் எழுதினால் அதற்கும் நாலு பக்கம். ஒரு மாதத்தில் ஒன்பது கடிதங்கள் என்று ஞாபகம். பெட்டி வேறு நிறைந்து போயிற்று.

அந்த இதழின் சர்வரைக் கவனித்துக்கொள்வது என் அக்கா மகன். அவனுக்கு வேறு கம்பெனியில் உத்தியோகம். இது மாமனுக்காகச் செய்கிற உபகாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம், "இந்தப் பெரியவரோட மெயில் எனக்கு வராம பண்ண முடியுமாடா?" என்று கேட்டேன்.

"முடியும் மாமா. எப்படி வராம இருக்கணும்?"

வராமல் இருப்பதில் என்ன பல தினுசு இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவன் உட்கார்ந்து விளக்கினான். அவன் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்லுகிறேன்.

இரண்டு சர்வர்கள் கடிதத்தைக் கைமாற்றிக்கொள்வது ஒரு சம்பாஷணை. எந்தக் கேள்விக்கு எந்த வார்த்தை, எந்த எண் பதில் என்பதெல்லாம் முறையாக வகுக்கப்பட்டிருக்கிறது. 1982 ஆகஸ்டு மாதம் ஜான் போஸ்டல் என்பவர் அமெரிக்காவில் எழுதி வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 821 என்ற ஏட்டில் உள்ள சம்பிரதாயம் அது. எஸ்.எம்.டி.பி. என்று பெயர். பிற்பாடு எத்தனையோ ஒட்டுகளும் திருத்தங்களும் வந்துவிட்டன; ஆனாலும் அடிப்படைப் பேச்சு அன்று வகுத்ததுதான். அனுப்புகிற சர்வர் வந்து கதவைத் தட்டுகிறது. இது 220 என்று வரவேற்கிறது. அது தன் பெயரைச் சொல்லுகிறது. பிறகு, 'இன்னாரிடமிருந்து கடிதம்' என்கிறது. இது 250 என்கிறது - சரி என்று பொருள். 'இன்னாருக்கு' என்கிறது, மறுபடியும் 250. 'கடிதத்தைத் தரட்டுமா?' என்கிறது, 354, தரலாம். உடனே கடிதம் வரி வரியாக வருகிறது. கடிதம் முடிந்தது என்று எப்படித் தெரியும்? ஒரு வரியில் வேறொன்றுமே இல்லாமல் ஒற்றைப் புள்ளி வரும். அதுதான் முடிவு.

அந்தப் புள்ளிக்கு இது 250 என்று பதில் சொல்லுகிறதே, அந்தக் கணம்தான் முக்கியம் என்றான் என் மருமகன். அதுவரை கடிதம் அனுப்பியவன் பொறுப்பு. அந்த எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் பொறுப்பு கை மாறிவிடுகிறது. வாங்கிக்கொண்டவன் ஒன்று உரியவரிடம் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால், முடியவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. பழைய ஏட்டுக்குப் பதிலாக 2008-இல் வந்த ஆர்.எஃப்.சி. 5321 இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லுகிறது. வாங்கிய பிறகு இயந்திரம் நின்றுபோயிற்று என்பது போன்ற அற்பக் காரணங்களுக்காகக்கூடக் கடிதத்தைத் தொலைக்கக்கூடாதாம். இயந்திரங்களுக்கு எழுதிய சட்டம் என்றார்கள். எனக்கென்னவோ அடைக்கலப் பொருளைக் காப்பது பற்றி நம் பாட்டிமார்கள் சொல்லுகிற கதை மாதிரி இருந்தது.

சரி, கொக்கிக்கு வருவோம். இந்தச் சம்பாஷணையின் ஒவ்வொரு கட்டத்திலும் சர்வர் ஒரு கணம் நின்று, வெளியே இருக்கிற ஒரு சின்னப் புரோகிராமிடம், 'இன்னார் வந்திருக்கிறார், என்ன செய்யட்டும்?' என்று கேட்கும்படி செய்யலாம். சர்வரைப் பிரித்து மேய வேண்டாம். அது எழுதப்பட்ட விதத்திலேயே மாட்டுவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு 'ஹூக்', கொக்கி என்றே பெயர். சென்ட்மெயில் என்ற பழைய சர்வருக்காக இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் இதற்கு 'மில்டர்' என்று பெயர் வைத்தார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சர்வர் 2006-இல் அதே ஏற்பாட்டைத் தானும் எடுத்துக்கொண்டது. எங்கள் இதழில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ்தான். கொக்கி எழுதுகிறவன் கெட்டிக்காரனாக இருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வைரஸ் பிடிக்கலாம். கடிதம் உண்மையாக எங்களிடமிருந்துதான் போகிறது என்று முத்திரை குத்தலாம். அனுப்பியவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்குப் பிரதி போகச் செய்யலாம். கடிதத்தின் உள்ளடக்கத்தையே எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். இதையெல்லாம் அவன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனான். எனக்குத்தான் கொஞ்சம் குளிரெடுத்தது.

அந்தப் புரோகிராம் சர்வரிடம் சொல்லக்கூடிய பதில்கள் ஐந்து. 'மேலே நடக்கட்டும்', 'விசாரணை வேண்டாம், ஏற்றுக்கொள்', 'இப்போது முடியாது, பிறகு வரச் சொல்', 'மறுத்துவிடு' - இவை நான்கு. ஐந்தாவதுக்கு ஆங்கிலத்தில் 'டிஸ்கார்ட்' என்று பெயர். வந்தவனிடம் 250 என்று சொல்லி வாங்கிக்கொள், வாங்கியதைக் குப்பையில் போடு, யாரிடமும் சொல்லாதே என்று அதற்கு அர்த்தம்.

"மறுத்துடலாம் மாமா. அதுதான் சரி. வாசல்லயே 550ன்னு சொல்லிட்டா, அவரோட சர்வரே அவருக்குச் சொல்லிடும். கூட ஒரு வாக்கியமும் சேர்த்து அனுப்பலாம். நீங்க எழுதிக் கொடுங்க, நான் போட்டுடறேன்."

ஒரு வாக்கியம்! வாக்கியம் எழுதி விற்றே பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்றுகிறவன் நான். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'தங்கள் கதைகளை இனி அனுப்ப வேண்டாம்' - அடித்தேன். 'தங்கள் கதைகள் எங்கள் இதழின் போக்குக்கு' - அடித்தேன். அந்த இடத்தில் பொதுவாக ஆங்கில எழுத்தில்தான் எழுத முடியும் என்று மருமகன் சொன்னதும் எனக்குப் பெரிய ஆறுதல் ஏற்பட்டது. "பார்த்தாயா, தமிழ் ஆசிரியருக்கு இங்கிலீஷிலா பதில் சொல்வது? மனசு புண்படும். அந்த ஐந்தாவதையே போட்டுவிடு" என்றேன்.

"அது நல்லாயிருக்காது மாமா."

"வயசானவர்டா. எதற்கு அவரை நோகடிக்க வேண்டும்?"

அவன் போட்டுவிட்டான்.

வள்ளுவர் பொய்க்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார் அல்லவா? குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் மெய்யின் ஸ்தானத்தில் வைக்கலாம் என்கிறார். அதை நான் அன்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது நிஜம். நம்மில் பொய் சொல்லுகிறவர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடமாகத் தெரிகிற குறள் அது ஒன்றுதான் போலிருக்கிறது. நன்மை யாருக்கு விளைந்தது என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாலு பக்கக் கடிதங்கள் நின்றன. பெட்டி காலியாக இருந்தது. இருபது மாதம் எனக்குப் பரம நிம்மதி.

போன வருஷம் ஒரு ஊரில் நூலக விழாவுக்குப் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் வந்து கும்பிட்டார். பெயரைச் சொன்னார். எனக்கு வயிற்றில் என்னவோ புரண்டது. கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"பதினோரு கதை உங்ககிட்ட இருக்கு சார். அவசரம் ஒண்ணும் இல்லே. நெறைய பேரு அனுப்புவாங்க, வரிசைன்னு ஒண்ணு இருக்குமில்லே?"

"எல்லாம்... கிடைத்ததா என்று சந்தேகமாக..." என்று மென்று விழுங்கினேன்.

"கெடைக்காம எப்படி சார்? ஒரு தடவை உங்க விலாசத்துல ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சிட்டேன். ஒரே நிமிஷத்துல திரும்பி வந்துடுச்சு. இந்த மெஷின் பொய் சொல்லாது சார். திரும்பி வரலேன்னா உங்ககிட்டேதான் இருக்குன்னு அர்த்தம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "முன்னேயெல்லாம் ஒரு வாரத்துல திருப்பிடுவீங்க. இப்ப திருப்பறதில்லே. அப்ப நமக்கும் எழுத்து வந்திடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அத்துடன் விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மாவட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறு பத்திரிகைக்காரர் அவரிடம் ஒரு கதை கேட்டாராம். இவர் மறுத்துவிட்டாராம். எல்லாம் அங்கே பரிசீலனையில் இருக்கின்றன, ஒரு கதையை இரண்டு இடத்தில் கொடுப்பது முறையல்ல என்று சொல்லிவிட்டாராம். தபாலில் கதை அனுப்பிய காலத்தில், ஸ்டாம்பு ஒட்டிய உறை வைத்து அனுப்பிவிட்டு, அந்த உறை திரும்பி வரும்வரை அந்தக் கதையை வேறெங்கும் காட்டாத தலைமுறை அது. அந்தச் சிறு பத்திரிகை இப்போது இல்லை. நின்றுபோயிற்று.

என் பொய்யால் ஏமாந்தது அவருடைய முட்டாள்தனம் அல்ல, அவருடைய நேர்மை. பொய்யனைப் பொய்யனால் ஏமாற்ற முடியாது. அவன் எப்போதும் இன்னொரு கதவையும் தட்டி வைத்திருப்பான்.

அன்று இரவே மருமகனுக்குப் போன் செய்தேன். அவன் அந்தக் கொக்கி தானாக எழுதி வைத்திருந்த கணக்கை எடுத்துப் படித்தான். தேதி, நேரம், அனுப்பியவர். 11 கதைகள், 6 கடிதங்கள். கதைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. வந்த தேதிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. கணக்கில் இன்னொன்றும் இருந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 250 என்று சொல்லும்போது போஸ்ட்ஃபிக்ஸ் வெறும் 250 மட்டும் சொல்லுவதில்லையாம். 'இந்த இலக்கத்தில் வரிசையில் வைத்திருக்கிறேன்' என்று ரசீது எண் ஒன்றும் சேர்த்துச் சொல்லுமாம். குப்பையில் போடப்போகிற கடிதத்துக்கும் ரசீது உண்டாம். வரிசை என்று ஒன்று இருக்கும் என்றாரே பெரியவர்! அவரை அறியாமல் இயந்திரத்தின் வார்த்தையையே அவர் சொல்லியிருக்கிறார்.

அந்த 6 கடிதங்களில் ஒன்று எனக்கு மட்டும் எழுதியதல்ல என்றும் தெரிந்தது. சந்தாவைப் புதுப்பிக்க விவரம் கேட்டுச் சந்தா பிரிவுக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார். எங்கள் கொக்கி, 'இன்னாரிடமிருந்து' என்ற கட்டத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிற கொக்கி. கடிதம் யார் யாருக்கு என்று கேட்கிற வரை அதற்குப் பொறுமை இல்லை. சந்தா பிரிவுக்கும் போகவில்லை. நாலு மாதம் அவருக்கு இதழும் போகவில்லை.

"சும்மா எறியறதுக்கும் ஒரு நியாயம் இருக்கு மாமா" என்றான் மருமகன். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னானா, தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டானா என்று தெரியாது. அவன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. போக்கிரி ஒருவன் வேறு யாரோ நல்லவர் விலாசத்தைப் போட்டு ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதம் அனுப்புகிறான். வாங்கிக்கொண்ட பிறகு, 'உங்கள் கடிதத்தைச் சேர்க்க முடியவில்லை' என்று தர்மப்படி திருப்பினால், அது போக்கிரிக்குப் போகாது. பாவம், அந்த நல்லவர் தலையில் போய் விழும். இப்படிப்பட்ட நிர்ப்பந்தம் இருப்பதால்தான் 2008-ஆம் வருஷத்து ஏடும் சொல்லாமல் எறிவதை நடைமுறையில் அனுமதித்திருக்கிறது. ஆனால் அனுமதிக்கிற அதே மூச்சில், அது மிக ஆபத்தானது, கடிதம் ஒன்று சேரும் அல்லது திரும்பும் என்ற நெடுநாள் நம்பிக்கைக்கு விரோதமானது என்றும் எச்சரித்திருக்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு உறைத்தது ஒன்றுதான். பெயரை மறைத்துக்கொண்டு வருகிற திருடனுக்கென்று வைத்திருந்த தண்டனையை, பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்த மனிதருக்கு நான் கொடுத்திருக்கிறேன். அதையும் இரக்கம் என்று பெயர் சூட்டிக் கொடுத்திருக்கிறேன்.

பதில் போடாமல் இருப்பதும் இதுவும் ஒன்றுதானே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். எத்தனை ஆசிரியர்கள் மாதக்கணக்கில் பதில் போடுவதில்லை! நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றல்ல. பதில் போடாத ஆசிரியன் மௌனமாக இருக்கிறான். அது சோம்பல், அல்லது அகங்காரம். என் சர்வர் மௌனமாக இல்லை. அது பேசிற்று. 'பெற்றுக்கொண்டேன், இதோ ரசீது' என்று பதினேழு தடவை என் சார்பில் பேசிற்று. பேசியது நானல்ல, இயந்திரம்தானே என்றால், பேசச் சொன்னது யார்? மருமகன் இரண்டு நாள் தன்னையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருந்தான். கொக்கியை அடித்தவன் அவன்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரியான வழியை முதலில் சொன்னவனும் அவன்தான்.

நம் நாட்டில் 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டம் ஒன்று இருந்தது. தபாலாபீஸ் ஊழியன் ஒருவன் போய்க்கொண்டிருக்கும் கடிதத்தை ஒளித்தாலோ, அழித்தாலோ, வீசி எறிந்தாலோ ஏழு வருஷம் வரை சிறை. அதில் என்னை உட்கார வைத்த பகுதி தண்டனை அல்ல. எந்த நோக்கத்துக்காக எறிந்தாலும் குற்றம் என்று எழுதியிருந்தார்கள். சோம்பலில் எறிந்தான், பொறாமையில் எறிந்தான், பெறுகிறவர் மனம் நோகுமே என்று எறிந்தான் என்ற பாகுபாடே கிடையாது. 2023-இல் வந்த புதுச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டது. எப்படியும் மின்னஞ்சலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. என்னை யாரும் சிறையில் போடப்போவதில்லை. ஆனாலும் அந்த மூன்று வார்த்தையை எழுதிய மனிதன் எவனோ, தாட்சண்யத்தை நன்றாக அறிந்தவனாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். அது தாட்சண்யப்படுகிறவனின் தனத்தைப் பற்றிய பழமொழி. எதிரே நிற்கிறவனுக்கு என்ன நாசம் என்று பழமொழி செய்தவன் யோசிக்கவில்லை.

மருமகன் அடுத்த ஞாயிறு வந்து பெரியவர் விலாசத்தைக் கொக்கியிலிருந்து எடுத்தான். "இந்தப் பட்டியல்ல இன்னும் ஏழு பேர் இருக்காங்க மாமா. அவங்களை என்ன பண்ண?" என்றான். ஒருவர் ஞாபகம் வந்ததும் இன்னொருவரைச் சேர்க்கச் சொல்லி, அப்படியே சேர்ந்துவிட்ட ஏழு பேர். ஒரு விலாசம் யாருடையது என்றே எனக்கு நினைவில்லை. "எல்லாருக்கும் மறுத்துவிடு. வாக்கியம் நான் எழுதித் தருகிறேன்" என்றேன். அன்றைக்கு எழுதினேன். 'இந்த விலாசத்திலிருந்து வரும் கடிதங்களை ஆசிரியர் படிப்பதில்லை. கதைகளை வேறிடத்துக்கு அனுப்பலாம்.' அவ்வளவுதான். இங்கிலீஷில் மருமகன் மாற்றிக்கொண்டான். படிக்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. எழுதி முடிக்கக் கால் மணி கூட ஆகவில்லை.

பெரியவருக்கு நடந்ததை மறைக்காமல் கையால் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். மெயிலில் அனுப்ப எனக்கு முகம் இல்லை. கதைகளை மறுபடி அனுப்பும்படியும், ஒரு மாதத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவதாகவும் எழுதியிருந்தேன். பத்து நாள் சத்தமில்லை. பதினோராம் நாள் பதினோரு கதைகளும் வந்து இறங்கின. கடிதம் என்று ஒரு வரிகூட இல்லை, வெறும் கதைகள். எல்லாவற்றையும் படித்தேன். இதழில் போடத்தக்கதாக ஒன்றும் இல்லை. ஏழாவதில் ஒரு கிழவி மட்டும், ஒன்றரைப் பக்கம், உயிரோடு நடமாடுகிறாள். பிறகு அவளும் திருந்திவிடுகிறாள். ஒவ்வொரு கதைக்கும் ஏன் போடவில்லை என்று அரைப் பக்கம் எழுதி, அவை இனி அவர் இஷ்டம் போல் எங்கே வேண்டுமானாலும் கொடுக்கத்தக்கவை என்று கடைசியில் சேர்த்து, மெயிலில் அனுப்பினேன். அவருடைய சர்வர் 250 என்று சொல்லியிருக்கும்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. நாலு பக்கம். நாலாவது கதையைப் பற்றி நான் சொன்னது முற்றிலும் தவறு என்று ஆரம்பித்திருந்தார்.